மக்காத துவர்த்து: நாஞ்சில் நாட்டு ஏலா ஒன்றில் மண்ணுக்கும் குளத்துக்கும் நேர்ந்தது

மாமா என்னிடம் முதலில் சொன்னது மண்ணைப் பற்றிய புகார் அல்ல, வாழைக்குப் போடும் பூச்சிமருந்தைப் பற்றியது. "குருணை மருந்து இப்பம் கேக்க மாட்டேங்கு மக்கா. முன்ன ஒரு பிடி போட்ட மூட்டுக்கு இப்பம் ரெண்டு பிடி போடுகேன். கூன்வண்டு அப்படியே கெடக்கு." கடையில் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவள். மண்ணில் வாழும் பாக்டீரியா, பூஞ்சை, பாசி பற்றி வருடம்தோறும் பாடம் நடத்துகிறேன். அம்மா பிறந்த ஊரின் மண்ணை அந்த நோக்கத்தோடு கையில் அள்ளிப் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அள்ளிய கையை மூக்கருகே கொண்டுபோனேன். மண்வாசனை இல்லை. புது மழையில் நாம் உணரும் அந்த வாசனை ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அதைச் செய்வது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா. வாசனை இல்லை என்பதால் மட்டும் எதையும் முடிவு செய்துவிட முடியாது. காய்ந்த மண்ணிலும் அது வராது. ஆனால் அன்று காலைதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள்.

அங்கிருந்து தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை வருடம் அந்த வாழை வயலையும், பக்கத்து நெல் வயலையும், பாட்டா (தாத்தா) வைத்த தென்னந்தோப்பையும், இவற்றின் வடிநீர் போய்ச் சேரும் குளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எளிய சோதனைகள்தான். வீட்டில் முடிந்ததை வீட்டில் செய்தேன், முடியாததைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்தேன்.

தண்ணீர் வரும் வழி

பழையாற்றை ஒட்டிய ஏலா, அதாவது வயல்வெளி, அது. நாஞ்சில் நாட்டின் மற்ற ஏலாக்களைப் போலவே இதற்கும் மலைத்தண்ணீர்தான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தேங்கும் நீர் கால்வாய்களில் இறங்கி, ஒரு குளத்தை நிறைத்து, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போய், வயல்களில் புகுந்து, கடைசியில் பழையாற்றில் விழுந்து, சுசீந்திரம் தாண்டி மணக்குடியில் கடலைத் தொடுகிறது. ஒரு வயலில் கழித்த தண்ணீர்தான் அடுத்த வயலுக்குப் பாசனம். ஒரு ஊர் சோப்புப் போட்டுத் துவைத்த தண்ணீர் இன்னொரு ஊரின் நாற்றங்காலுக்குப் போகிறது. இந்தக் குளச்சங்கிலியின் ஒரு பகுதியான சுசீந்திரம் – தேரூர் ஈரநில வளாகம் 2022ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரும் பறவைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பறவைக்கு மீனும், மீனுக்குப் புழுவும், புழுவுக்குச் சேறும் சோறு போடுகின்றன. அந்தச் சேற்றைச் சோறாக மாற்றிக் கொடுப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்.

மாமாவின் வயலில் சுமார் 12 வருடம் முன்புவரை கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல். அப்புறம் வாழை. பெரும்பகுதி ஏத்தன், வரப்பை ஒட்டிக் கொஞ்சம் மட்டி. நெல்லில் கைக்காசு நட்டமான பிறகுதான் மாற்றினார். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூலியும் விலையும் அவர் கையில் இருந்ததில்லை.

வாழைக்கு வந்ததும் மருந்தின் வரிசை மாறியது. நடும் முன் கன்றைக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்குவார். வாழை மூட்டில், அதாவது அடியில், கார்போஃப்யூரான் குருணை போடுவார், கூன்வண்டுக்கும் நூற்புழுவுக்கும். மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய்க்குப் புரோப்பிகோனசோல் தெளிப்பு, ஒன்றுக்கு இரண்டாக, சில வருடம் நான்காக. வரப்புப் புல்லுக்குக் கிளைஃபோசேட். இதில் எதுவுமே அந்த ஏலாவில் புதுமை இல்லை. பக்கத்து வயல்காரரும் அதைத்தான் செய்கிறார்.

துணி சொன்னது

பழைய பருத்தித் துவர்த்து (தோள்துண்டு) ஒன்றை எடுத்து, கஞ்சிப் பசை போகக் கொதிக்கவைத்து, நான்கு விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்தேன். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் நைலான் நூலால் அடையாளத் தையல் போட்டேன். தோப்பில், நெல் வயலில், வாழை வயலில், ஒவ்வொரு இடத்திலும் ஆறு துண்டுகள், ஒரு சாண் ஆழத்தில். பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். அதை உடைக்கும் நொதி நம் வயிற்றில் கிடையாது, பூஞ்சைக்கும் சில பாக்டீரியாவுக்கும் உண்டு. துணி எவ்வளவு மக்கியது என்று பார்த்தால், அந்த வேலையைச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஒரு மண்டலம் கழித்துத் தோண்டினோம். தோப்பில் துணியைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தது நைலான் நூலும், அதில் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சு போன்ற சில இழைகளும்தான். அந்த இழைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல்கள் படர்ந்திருந்தன. நெல் வயலில் துண்டுகள் சாம்பல் நிறமேறி, ஓட்டை விழுந்து, இழுத்தால் பிய்கிற நிலையில் வந்தன. அது எதிர்பார்த்ததுதான். தண்ணீர் நிற்கும் வயலில் காற்று இறங்காது. காற்றில்லாமல் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் செல்லுலோசைத் தின்னும்.

வாழை வயலில் முதல் துண்டை எடுத்ததும் மாமா அதை வாய்க்கால் தண்ணீரில் அலசி உதறினார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. அங்கங்கே பழுப்புக் கறை, அவ்வளவுதான். "இதைத் தோள்ல போட்டுட்டு வீட்டுக்குப் போலாம் போலயே" என்றார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

உடனே மருந்தின் மேல் பழியைப் போடுவது எளிது. நான் மாணவர்களுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்: வேறு காரணம் எல்லாவற்றையும் முதலில் கழித்துப் பார். ஈரம் வேறாக இருக்கலாம். மூன்று மண்ணையும் தனித்தனிச் சட்டியில் நிரப்பி, ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒரே நிழலில் வைத்துத் துணியைப் புதைத்தேன். வாழை மண் அப்போதும் பின்தங்கியது. புளிப்பு காரணமாக இருக்கலாம். வருடக்கணக்காக யூரியா போட்ட மண் புளித்துப் போகும், சோதனைத் தாளிலும் அப்படித்தான் காட்டியது. சில சட்டிகளில் சுண்ணாம்பு கலந்தேன். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. ஆக, புளிப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் தோப்பு மண்ணின் பக்கத்தில்கூட வரவில்லை. கடைசியாக, சுண்ணாம்பு போட்ட வாழை மண்ணில் தோப்பு மண் இரண்டு கரண்டி கலந்தேன். அந்தச் சட்டியில் துணி பிய்ந்தது. உணவும் ஈரமும் இருந்த இடத்தில் இல்லாமல் போயிருந்தது ஆள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எந்த ஆள் என்பதற்கு ஆய்வகத் தட்டுகள் ஒரு குறிப்புத் தந்தன. மண்ணைக் கரைத்து ஊட்டக்கூழில் வளர்த்தபோது தோப்பு மண்ணிலும் வாழை மண்ணிலும் பாக்டீரியாவின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. பூஞ்சைத் தட்டில்தான் பளிச்சென்று தெரிந்தது. தோப்பு மண்ணில் பச்சை, கறுப்பு, வெள்ளை, ரோஜா நிறம் என்று தட்டு நிறைய. வாழை மண்ணில் ஒரே ஒரு வகை மட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. தட்டில் வளர்வது மண்ணில் இருப்பதில் நூறில் ஒன்றுகூட இருக்காது என்பதால் இதை முழுக் கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துணி சொன்னதும் தட்டு சொன்னதும் ஒத்துப்போகின்றன.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கார்பென்டாசிம் பூஞ்சையின் செல் பிரியத் தேவையான நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்கிறது. புரோப்பிகோனசோல் பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிராலைத் தயாரிக்கவிடாமல் தடுக்கிறது. இரண்டும் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். இலையில் நோய் செய்யும் பூஞ்சை எது, மண்ணில் சருகைத் தின்னும் பூஞ்சை எது, வேரோடு ஒட்டி வாழ்ந்து பாஸ்பரசை எடுத்துத் தரும் பூஞ்சை எது என்று அந்த மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கார்பென்டாசிம் மண்புழுவையும் கொல்லும். இலைக்கு அடித்த மருந்தில் ஒரு பங்கு மழையோடு மூட்டுக்கு வழிகிறது.

கிளைஃபோசேட்டின் கதை இன்னும் நுணுக்கமானது. சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஷிகிமேட் பாதையில் ஒரு நொதியை அது அடைக்கிறது. மனிதருக்கு அந்தப் பாதை கிடையாது, அதனால் பயமில்லை என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். செடிக்கு இருக்கிற அதே பாதை பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இருக்கிறது. சில பாக்டீரியாவின் நொதி அந்த மருந்துக்கு மசியாது, சில அதையே பாஸ்பரசுக்காகத் தின்னும், சில ஒடுங்கிப் போகும். தெளித்த இடம் வெறிச்சோடுவதில்லை, உள்ளே இருப்பவர்களின் விகிதம் சாய்கிறது. 2022ல் ஒன்றிய அரசு கிளைஃபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமே தெளிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. நான் பார்த்தவரை வரப்பில் கைத்தெளிப்பு நிற்கவில்லை.

குருணை ஏன் கேட்கவில்லை

இனி மாமாவின் முதல் புகாருக்கு வருகிறேன். இந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது இந்தப் பகுதிதான்.

ஒரே மருந்தை ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால், அதைத் தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் அங்கே பெருகும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 2,4-டி என்ற களைக்கொல்லியில் 1940களின் கடைசியிலேயே அதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் கார்போஃப்யூரான் இதே போலப் பலிக்காமல் போனது. நெல் வயலிலிருந்தே ஒரு சாட்சி உண்டு: பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ந. சேதுநாதனும் டி. யோஷிதாவும் டயசினான் என்ற பூச்சிக்கொல்லியை உடைக்கும் ஃபிளேவோபாக்டீரியம் ஒன்றைத் தண்ணீர் கட்டிய நெல் மண்ணிலிருந்து பிரித்து 1973ல் வெளியிட்டார்கள். பாரத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை நஞ்சுகளை உடைக்கும் நொதியைப் பற்றிய ஆராய்ச்சி பெரிதாக வளர்ந்ததற்கு அந்த ஒரு பாக்டீரியாவும் வேர்.

மாமாவின் வயலில் நடந்தது அதுதானா? இதைக் கல்லூரி ஆய்வகத்தில் கையுறை, முகக்கவசத்தோடுதான் செய்தேன். கார்போஃப்யூரான் கடும் நஞ்சு. ஒரு குருணையைக் கொத்தித் தின்றாலே சிறு குருவி செத்துவிழும். தேரூர்ப் பக்கம் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு முடியவில்லை.

மூன்று ஜாடி. ஒன்றில் வாழை மண். இரண்டாவதில் குருணையே பார்த்திராத தோப்பு மண். மூன்றாவதில் மறுபடி வாழை மண், ஆனால் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக்கலத்தில் 121 டிகிரியில் மூன்று நாள் அடுத்தடுத்து வேகவைத்தது. மூன்றிலும் ஒரே எடை குருணை. பக்கத்திலேயே மருந்தில்லாத ஜாடிகள், ஒப்பிடுவதற்கு. 15 நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்த நீரை வடித்து, அதில் கொசுவின் கூத்தாடிப் புழுக்களை விட்டேன்.

தோப்பு மண் நீரில் விட்டவை கொஞ்ச நேரத்தில் துடித்து அடியில் போய்விட்டன. வேகவைத்த வாழை மண் நீரிலும் அப்படியே. வேகவைக்காத வாழை மண் நீரில் விட்டவை மறுநாள் காலையிலும் துள்ளிக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கிப் போயின. என் மாணவி ஒருத்தி அந்தக் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புழுக்களை எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆக மருந்து போலி இல்லை. வேறு மண்ணில் அது கொல்கிறது. அந்த மண்ணையே வேகவைத்தாலும் கொல்கிறது. உயிருள்ள வாழை மண்ணில் மட்டும் இரண்டு வாரத்தில் காணாமல் போகிறது. இன்னொரு விஷயமும் இதற்குத் துணை நிற்கிறது. கார்போஃப்யூரான் கார மண்ணில் தானாகவே உடையும், புளிப்பு மண்ணில் தானாக உடைய நாளாகும். மாமாவின் மண் புளிப்பு. அங்கே அது அவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்றால் யாரோ தின்கிறார்கள். மிச்சமிருந்த மருந்துநீரை நானும் காரம் சேர்த்து உடைத்த பிறகுதான் கழித்தேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "அப்பம் மண்ணு நல்லா உயிரோடதான இருக்கு?" நியாயமான கேள்வி. விஷத்தை உடைக்கிற பாக்டீரியா பெருகுவது நல்லதுதானே, ஏன் கவலைப்பட வேண்டும்?

நான் சொல்ல வந்ததே இந்த இடத்தில்தான் இருக்கிறது. மண்ணில் உயிர் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது போதாது, எந்தெந்த வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த வயலில் எண்ணிக்கை குறையவில்லை. குருணையைத் தின்பவன் கொழுத்திருக்கிறான், சருகைத் தின்பவன் இல்லை. சருகு மக்குவது போன்ற வேலையைச் செய்யப் பல வகை உயிர்கள் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று கொஞ்சமாவது ஈடுகட்டும். அதுவே தடுமாறியிருக்கிறது என்றால், மிகச் சில வகைகள் மட்டுமே செய்யும் வேலைகளின் கதி என்ன?

யூரியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை அப்படிப்பட்ட ஒன்று. யூரியா அம்மோனியாவாக உடைவது எளிது, பலரும் செய்வார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுவது நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற கைவிரல்விட்டு எண்ணக்கூடிய சில குழுக்களின் வேலை. அவை மெதுவாக வளர்பவை, வேதிப்பொருளுக்குச் சட்டென்று சுணங்குபவை. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் நைட்ரேட் சோதனைத் தாளை வைத்து, அம்மோனிய உரம் சேர்த்த இரண்டு மண்ணையும் பார்த்தேன். தோப்பு மண்ணில் தாள் நன்றாகச் சிவந்தது, வாழை மண்ணில் வெளிறிய ரோஜா நிறத்தோடு நின்றது. புளிப்பும் இந்த பாக்டீரியாக்களை அழுத்தும் என்பதால் முழுப்பழியையும் மருந்தின் மேல் போடமாட்டேன்.

நெல் வயலைப் பற்றி ஒரு வார்த்தை. வங்காளத்து நெல் வயல்களில் நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று பி.கே. டே 1939லேயே காட்டினார். நட்ட சில நாளில் பூட்டாகுளோர், பிரிட்டிலாகுளோர் களைக்கொல்லிகள் போடும் வயல்களில் அந்தப் பாசிக்கும் அடி விழுகிறது. தண்ணீரில் பச்சையாய் ஏதோ மிதந்தால் அழுக்கு என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது.

குளத்தின் அடியில்

ஏலாவின் வடிநீரும் தெருவின் சாக்கடையும் ஒரே குளத்தில் சேர்கின்றன. கீழ்க்கரையில் படித்துறை, துவைகல். மேல்கோடியில் தாமரை. நடுவெல்லாம் ஆகாயத்தாமரை. சிறு வயதில் நாங்கள் நீந்திய குளம் இது. இப்போது குழந்தைகளை யாரும் இறக்குவதில்லை.

இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் சேறு எடுத்தேன், ஒன்றில் சாக்கடை விழும் வாயிலிருந்து, மற்றதில் தாமரைப் பக்கத்திலிருந்து. கொஞ்சம் காகிதத் துணுக்கும் முட்டை மஞ்சள்கருவும் கலந்து, மேலே குளத்து நீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களில் கையாண்ட முறை. செல்லுலோசும் கந்தகமும் கொடுத்துவிட்டு, யார் எந்த அடுக்கில் குடியேறுகிறார்கள் என்று பார்ப்பது. இரண்டு மாதத்தில் தாமரைச் சேற்றுப் போத்தல் ஒரு வானவில் மாதிரி ஆகிவிட்டது. மேலே பச்சை, கீழே துருநிறம், அதற்கும் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை, அடியில் கறுப்பு. சாக்கடைச் சேற்றில் மேல்விளிம்பில் மெல்லிய பச்சை, மிச்சமெல்லாம் ஒரே கறுப்பு. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவிடுகின்றன, அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. சாக்கடைச் சேற்றிலும் உயிர் இல்லாமல் இல்லை. வகைதான் சுருங்கிப் போயிருக்கிறது.

இதில் சோப்புத்தூளின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் மலைமலையாக நுரை மிதந்தது. அன்றைய சலவைத்தூளில் இருந்த அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டின் கார்பன் சங்கிலி கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. பாக்டீரியாக்களுக்கு அதைக் கடிக்க வழி தெரியவில்லை. கிளையில்லாத நேர்ச்சங்கிலி வகைக்கு 1960களின் நடுவில் மாறினார்கள், நுரை அடங்கியது. மனிதன் செய்த பொருளை நுண்ணுயிரின் வாய்க்கு ஏற்றபடி திருத்திய நல்ல உதாரணம் அது, நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நேர்ச்சங்கிலியைத் தின்பதற்குத் தொடக்கத்திலேயே ஆக்சிஜன் வேண்டும். ஓடும் ஆற்றில் சில நாளில் கரைந்துபோகும் பொருள், காற்றில்லாத சேற்றுக்குள் போய்விட்டால் அப்படியே கிடக்கும்.

நம் குளத்தில் நடப்பது அதுதான். உரமும் சோப்பும் சாக்கடையும் கொடுக்கும் பாஸ்பரசில் ஆகாயத்தாமரை தழைக்கிறது. அது மேற்பரப்பை மூடியதும் வெளிச்சமும் காற்றும் இறங்குவதில்லை. அழுகும் இலை மிச்ச ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. ஆக்சிஜன் போனதும் சோப்பைத் தின்பவர்கள் வேலையை நிறுத்துகிறார்கள். சோப்பு சேற்றில் படிகிறது. மீன் பெருக நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். விடியற்காலம் விங்க்ளர் முறையில் சாக்கடை வாயருகே அளந்தபோது அதற்கு வெகுகீழே இருந்தது. அளக்காமலே தெரியும்: அந்த நேரத்தில் மீன்கள் வாயை மேலே நீட்டி நீர்ப்பரப்பில் நிற்கும், விரால் மட்டும் கவலையில்லாமல் திரியும். அதற்கு வெளிக்காற்றை நேரே மூச்சு வாங்கத் தெரியும்.

கிருமிநாசினி என்று விளம்பரம் செய்து விற்கும் திரவங்கள், மாட்டுக்குப் போட்ட ஊசியின் மிச்சம், நாம் விழுங்கிப் பாதி வெளியேற்றும் ஆண்டிபயாட்டிக் எல்லாம் இதே வாய்க்கால் வழியேதான் வருகின்றன. பாக்டீரியாவைக் கொல்லப் போதாத மிகச் சிறிய அளவுகூட, எதிர்ப்புத்திறன் உள்ளவற்றை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். என்னால் இதைச் சோதிக்க முடியவில்லை என்பதால் இந்தக் குளத்தைப் பற்றி மேலும் எதுவும் சொல்லவில்லை.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மணக்குடிக் கழிமுகத்தில் ஒதுங்கும் கயிறையும் வலைத்துண்டையும் நுண்நோக்கியில் பார்த்தால், அதன்மேல் தனி ஊரே குடியிருக்கும். சுற்றியுள்ள நீரில் இருப்பவர்கள் வேறு, பிளாஸ்டிக்கில் ஒட்டியிருப்பவர்கள் வேறு. 2013ல் இதற்கு பிளாஸ்டிஸ்பியர் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானின் சாக்காய் நகரில் 2016ல் கண்டுபிடித்த ஐடியோனெல்லா சாக்காயென்சிஸ் பாக்டீரியா எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று நம்பிக்கையோடு பேசுகிறார்கள். அது தின்பது தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் வகையை மட்டும். அதிலும் மெல்லிய, இறுக்கமில்லாத தாளை 30 டிகிரி சூட்டில் கரைக்க அதற்கு ஆறு வாரம் ஆனது. கரையில் கிடப்பது நைலானும் பாலிஎத்திலீனும்.

செய்ததும் நின்றதும்

வயலில் செய்ய முடிந்ததை மாமா செய்தார். நான் கட்டாயப்படுத்தவில்லை. குருணையை முதலில் விட்டார், அது பலிக்காதது கண்ணெதிரே தெரிந்ததால். கன்றின் கிழங்கைச் சுற்றிச் சீவி, வண்டின் முட்டையும் துளையும் உள்ள பகுதியை நீக்கி நட்டார். தார் வெட்டிய தண்டை நெடுக்காகப் பிளந்து அங்கங்கே கவிழ்த்துப் போட்டு, அதில் வந்து ஒளியும் கூன்வண்டுகளைக் காலையில் பொறுக்கி அழித்தார். இதெல்லாம் புதிய வித்தை இல்லை, கூலியாள் கிடைக்காததால் கைவிட்ட பழைய வேலை. இலைப்புள்ளிக்கு முதலில் நோய்பட்ட இலையை அறுத்து அப்புறப்படுத்தி, பிறகும் ஏறினால் மட்டும் தெளிப்பு என்று குறைத்தார். அந்த வருடம் மழை அதிகம், இரண்டு முறை தெளிக்கத்தான் வேண்டியிருந்தது. சுண்ணாம்பு போட்டார். தோப்பின் சருகையும் அடிமண்ணையும் வண்டியில் கொண்டுவந்து மூட்டுக்குப் போட்டார். அவ்வளவு நாளும் அந்தச் சருகைக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வருமானம் குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வருடம் சில வாழைகள் சாய்ந்தன, தார் எடையும் கொஞ்சம் குறைந்தது. மருந்துச் செலவு மிச்சமானது அதை ஓரளவு ஈடுகட்டியது. ஒரு வயலின் ஒரு வருடக் கணக்கை வைத்து மற்றவர்களுக்கு அறிவுரை சொல்ல நான் தயாரில்லை.

ஒரு வருடம் கழித்து மறுபடி துவர்த்துத் துண்டுகளைப் புதைத்து, அதே மண்டலக் கணக்கில் எடுத்தோம். ஆறில் இரண்டு முன்போலவே முழுசாக வந்தன, இரண்டும் பழைய குருணைக் குழிகளை ஒட்டிப் புதைத்தவை. மற்ற நான்கும் விரல்பட்டதும் நைந்தன. ஒன்றின் மேல் வெள்ளைப் பூஞ்சை நூல் படர்ந்திருந்தது. மாமா அந்த இடத்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

குளத்தில் எதுவும் மாறவில்லை. அது ஒருவர் கையில் இல்லை. ஆகாயத்தாமரையை ஒருமுறை இயந்திரம் வைத்து வாரினார்கள், அடுத்த மழைக்குள் திரும்பி வந்துவிட்டது. சாக்கடை வாயை அடைத்து, தண்ணீர் கல்லும் மணலும் கோரையும் உள்ள ஒரு சின்னப் பள்ளத்தில் தங்கிக் காற்றுப்பட்டு, அப்புறம் குளத்தில் இறங்கும்படி செய்யலாம். சோப்பைத் தின்பவர்களுக்கு வேண்டியது அந்தக் காற்றுத்தான். இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறோம், துவைகல்லுக்கு மேற்கே, முன்பு தென்னை மட்டை ஊறப்போட்ட குழி. ஊர்க்கூட்டத்தில் இரண்டு முறை பேசினேன். இரண்டாவது முறை போகும்போது அந்த இரண்டு போத்தல்களையும் எடுத்துப்போய் மேசைமேல் வைத்தேன். கறுப்புப் போத்தலின் மூடியை ஒருவர் திறந்துவிட்டார், கூடமே மூக்கைப் பொத்திக்கொண்டது. குழிக்கு அளவெடுக்க ஆவணி மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.